டார்வினும் அவர் வளர்த்த புறாக்களும்

பெரியோர் ஒருவர் மறைந்த பின்பு அவருடைய பெயரைச் சொல்லி, அவர் கருத்துக்கு மாறான காரியங்களைச் சாதித்துக்கொள்வது உலகத்தில் புதிதன்று. இவ்வித அநியாயத்துக்கு மிகுதியும் ஆளானவர் சார்லஸ் டார்வின். வலியோர் எளியோரை அடக்கி ஆளுவது இயற்கையின் விதி என்று ஏகாதிபத்தியவாதிகள் அவரைச் சாக்ஷிக்கு அழைத்தார்கள். ஏழைகளுக்கு உதவி செய்வது இயற்கைக்கு விரோதம் என்று வாதித்த செல்வர்களும் அவரையே அழைத்தார்கள். ஆடுமாடுகளைப் பொறுக்கி வளர்ப்பதுபோல் மனிதரையும் பொறுக்கி வளர்க்க வேண்டுமென்று சட்டம் இயற்றியவர்களும் அவர் பெயரையே உச்சரித்தார்கள். சாக்ஷியோ 1882-ம் வருஷத்திலேயே காலஞ்சென்றவர். கூண்டிலேறி மறுமொழி சொல்ல அவரால் இயலாது. ஆகவே, அவருடைய வாழ்க்கையையே ஆதாரமாக வைத்துக்கொண்டு, அவர் உண்மையில் கண்டது யாது என்பதை விசாரிப்பது நமது கடமையாகிறது. இந்த விசாரணைக்கு வேண்டிய முக்கியமான தஸ்தாவேஜு, அவர் தமது வீட்டுத் தோட்டத்தில் அமைத்திருந்த ஒரு புறாக்கூண்டு.

டார்வின் 1809-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 12-ந் தேதி இங்கிலாந்தில் ஷ்ரூஸ்பரி நகரில் பிறந்தார். அதே தினத்தில்தான் அமெரிக்காவில் ஆபிரகாம் லிங்கனும் பிறந்தார். தந்தை ராபர்ட் டார்வின் பெயர்பெற்ற வைத்தியர். தந்தை வழிப் பாட்டனார் இராஸ்மஸ் டார்வினும் வைத்தியரே. ஜீவராசிகள் யாவும் ஓர் ஆதிமூலத்திலிருந்து படிப்படியாக வந்திருக்கலாம் என்று துணிந்து எழுதியவர். தாய் வழிப் பாட்டனார் ஜோஸையா வெட்ஜ்வுட், பீங்கான் தொழிலில் பெரும்பொருள் ஈட்டியவர். அடிமை வியாபாரத்தை ஒழிக்கக் கிளர்ச்சி செய்தவர்களுள் அவரும் ஒருவர். விலங்கிடப்பட்டு மண்டியிட்டிருக்கும் அடிமையின் உருவம் பொறித்த பதக்கங்களை 1787-ல் தமது தொழிற்சாலையிலிருந்து வெளியிட்டவர். இவ்வித குடும்பத்தில் பிறந்த டார்வின், எட்டாவது வயதில் தாயை இழந்து, தந்தையின் பாதுகாப்பில் வளர்ந்தார். பள்ளிக்கூடத்தில் அவர் பிரகாசித்ததாகச் சொல்வதற்கில்லை. வண்டு பிடிப்பதிலும் பறவை வேட்டையாடுவதிலுமே அவர் மனம் சென்றது.

1825-ல் வைத்தியம் கற்பதற்காக எடின்பரோ சர்வகலாசாலைக்கு அனுப்பப்பட்டார். மயக்க மருந்து வழக்கத்துக்கு வராத காலம் அது. ஒரு குழந்தைக்குச் செய்யப்பட்ட ரணசிகிச்சையைக் காணச் சகியாமல் பாதியிலேயே வெளியேறிய அந்த இளைஞர், அதன் பிறகு அந்த அறையில் அடியெடுத்து வைக்கவேயில்லை. அந்நகரில் அவருக்குப் பயன்பட்ட கல்வி வேறொன்று. கயானா நாட்டில் அடிமையாயிருந்து விடுதலை பெற்ற ஜான் எட்மன்ஸ்டன் என்னும் ஆப்பிரிக்க வம்சத்தவரிடம், இறந்த பறவைகளின் தோலைப் பதப்படுத்திப் பாடம் செய்யும் வித்தையைக் கற்றுக்கொண்டார். வைத்தியம் வராது என்று கண்ட தந்தை, மகனைப் பாதிரியாராக்கக் கருதிக் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினார். அங்கே தாவர சாஸ்திர ஆசிரியர் ஹென்ஸ்லோவின் நட்புக் கிடைத்தது. அவருடைய சிபார்சின் பேரில், உலகின் கடற்கரைகளை அளக்கப் புறப்பட்ட பீகிள் என்னும் கப்பலில், இயற்கையை ஆராய்பவராகச் செல்லும் வாய்ப்பும் வந்தது.

பீகிள் 1831-ம் வருஷம் டிசம்பர் 27-ந் தேதி பிளிமத் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டு, 1836-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி திரும்பிற்று. இந்தப் பிரயாணத்தில் நிகழ்ந்த ஒரு சச்சரவு நமது விஷயத்துக்கு நெருங்கிய தொடர்புடையது. கப்பல் தலைவர் பிட்ஸ்ராய் அடிமை முறையை ஆதரித்துப் பேசுகிறவர். பிரேஸில் தேசத்தில் ஒரு பண்ணைக்காரன் தன் அடிமைகளை வரிசையாக அழைத்து, விடுதலை வேண்டுமா என்று தன் முன்னிலையிலேயே கேட்டதாகவும், எல்லோரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாகவும் அவர் எடுத்துரைத்தார். எஜமான் எதிரில் நின்று அடிமை சொல்லும் பதிலுக்கு என்ன மதிப்பு என்று டார்வின் கேட்டார். பிட்ஸ்ராய்க்குக் கோபம் மூண்டு, இனி இருவரும் ஓர் அறையில் இருக்க முடியாதென்று கூறிவிட்டார். சில மணி நேரத்துக்குள் அவரே வருத்தம் தெரிவித்துச் சமாதானம் செய்துகொண்டார். ஆனால் டார்வின் கேட்ட கேள்வி அற்பமானதன்று. அடக்கி வைத்திருப்பவனுடைய நன்மையை அடங்கியிருப்பவனுடைய நன்மையாகக் காட்டும் வாதத்தை ஏற்கலாகாது என்பதே அதன் சாரம். பிற்காலத்தில் புறாக்கூண்டின் முன் நின்றபோதும் அவர் இதே கேள்வியைத்தான் கேட்டார்: இந்த மாறுதல் யாருடைய நன்மைக்காக?

1835-ம் வருஷம் செப்டம்பர் மாதம் பீகிள், பசிபிக் சமுத்திரத்தில் உள்ள காலபாகோஸ் தீவுகளை அடைந்தது. ஆமையின் ஓட்டைப் பார்த்தே அது எந்தத் தீவைச் சேர்ந்தது என்று சொல்லிவிடலாம் என அங்கே இருந்த அதிகாரி ஒருவர் கூறினார். தீவுக்குத் தீவு பறவைகளிலும் சிறு பேதங்கள் இருந்தன. ஒவ்வோர் இனமும் தனித்தனியே படைக்கப்பட்டு என்றும் மாறாமல் இருக்கிறது என்பது அக்காலத்துக் கற்றோர் பெரும்பாலோரின் கொள்கை. அது உண்மையானால், அருகருகே உள்ள சிறு தீவுகளில், ஒரே ஜாடையுள்ள பிராணிகள் இவ்வாறு சற்றே வேறுபட்டு நிற்பானேன்? ஊர் திரும்பியபின் 1837-ல் இக்கேள்வி அவரைப் பற்றிக்கொண்டது. இனங்கள் மாறுகின்றன என்று அவர் மனத்தில் நிச்சயப்பட்டுவிட்டது. ஆனால் அவற்றை மாற்றும் கருவி எது என்பது மாத்திரம் விளங்கவில்லை.

இங்கேதான் டார்வினின் அறிவு மற்றவர்கள் செல்லாத வழியில் சென்றது. காட்டில் நடக்கும் மாறுதல் ஒரு மனிதனுடைய ஆயுளில் கண்ணுக்குத் தெரிவது அருமை. ஆனால் மாட்டுத் தொழுவத்திலும் ஆட்டுக் கிடையிலும் பழத்தோட்டத்திலும் மாறுதல் தினந்தோறும் நடந்து வருகிறது. அதை நடத்துகிறவர்கள் பண்டிதர்கள் அல்லர். குடியானவர்களும் தோட்டக்காரர்களும் பட்சி வளர்ப்போரும் ஆவர். கேம்பிரிட்ஜில் படித்த கனவான் அவர்களிடம் மாணாக்கராய் அமர்ந்தார். கால்நடை வளர்ப்போருக்கு அனுப்புவதற்காக 1839-ல் ஒரு கேள்விப் பத்திரம் அச்சிட்டார்.

அவர் படித்தறிந்த வளர்ப்பாளர்களுள் முதன்மையானவர் லெஸ்டர்ஷயர் ஜில்லாவில் டிஷ்லி பண்ணையில் வாழ்ந்த ராபர்ட் பேக்வெல். 1725 முதல் 1795 வரை வாழ்ந்த இவர், கிடாக்களையும் பெட்டைகளையும் பிரித்து வைத்து, தாம் விரும்பிய குணமுள்ளவற்றை மாத்திரம் சேர்த்து, விரைவில் கொழுத்து மிகுதியாக இறைச்சி தரும் ஒரு புதிய ஆட்டு ஜாதியையே உண்டாக்கினார். பொலிகிடாக்களை வாடகைக்கு விட்டுப் பெரும்பொருள் சம்பாதித்தார். புறா வளர்ப்பில் பெயர்பெற்ற ஸர் ஜான் ஸீப்ரைட்டோ, வேண்டிய இறகு 3 வருஷத்திலும், வேண்டிய தலையும் அலகும் 6 வருஷத்திலும் செய்து தரக்கூடும் என்று சொல்லுவாராம். குயவன் களிமண்ணைப் பிசைவதுபோல் இவர்கள் உயிரைப் பிசைந்தார்கள்.

இந்த வித்தையின் இரகசியம் எளியது. ஒரு தாய் வயிற்றுக் குட்டிகளும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அவற்றிடம் தோன்றும் சிறு பேதங்கள் பல, பிதுரார்ஜிதமாகச் சந்ததிக்கு இறங்குகின்றன. வளர்ப்பவன் தனக்குப் பிடித்த பேதமுள்ளதை வைத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுகிறான். தலைமுறை தோறும் இவ்வாறே செய்து வரும்போது, மயிரிழை போன்ற பேதம் மலைபோல் வளர்ந்துவிடுகிறது. மனிதன் எந்தப் பேதத்தையும் உண்டாக்குவதில்லை, உண்டானதைச் சேமிக்கிறான். பேதம் ஏன் உண்டாகிறது, எவ்வாறு இறங்குகிறது என்பவை டார்வினுக்குக் கடைசி வரையில் விளங்கவில்லை. பட்டாணிச் செடிகளை வைத்து அதன் கணக்கைக் கண்ட பாதிரியார் மெண்டலின் கட்டுரை 1866-ல் வெளிவந்தும், 1900 வரையில் உலகம் அதைக் கவனிக்கவில்லை.

சரி, தொழுவத்தில் பொறுக்குவதற்கு ஓர் ஆள் இருக்கிறான். காட்டில் பொறுக்குவது யார்? இதற்கு விடை 1838-ம் வருஷம் இலையுதிர் காலத்தில் கிடைத்தது. அப்பொழுது அவர் மால்தஸ் எழுதிய ஜனத்தொகை பற்றிய நூலைப் படித்தார். இந்த மால்தஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் உத்தியோகஸ்தர்களைப் பயிற்றுவதற்காக ஹெய்லிபரியில் ஏற்பட்டிருந்த கல்லூரியில் ஆசிரியராயிருந்தவர். உணவு பெருகுவதைவிட ஜனங்கள் வேகமாகப் பெருகுகிறார்கள் என்று வாதித்தவர். டார்வின் அந்த வாதத்தை ஜீவராசிகள் அனைத்தின் மேலும் செலுத்திப் பார்த்தார். மிகவும் மெதுவாகப் பெருகும் பிராணியாகிய யானையில் ஒரு ஜோடி, தடையின்றிப் பெருகினால், 740 அல்லது 750 வருஷங்களில் ஏறக்குறைய 1 கோடியே 90 லட்சம் யானைகளாகிவிடும் என்று கணக்கிட்டார். உலகம் யானைமயமாகவில்லை, எனவே பிறப்பவற்றுள் பெரும்பாலானவை சந்ததி விடாமல் மடிகின்றன என்பது தெளிவு. மடிவது எது, மிஞ்சுவது எது என்பதைச் சிறு பேதங்களே பல சமயங்களில் நிர்ணயிக்குமானால், அங்கே பொறுக்குவார் இன்றியே பொறுக்குதல் நடந்துவிடுகிறது. இதற்கே அவர் இயற்கைத் தேர்வு என்று பெயரிட்டார்.

1839-ம் வருஷம் ஜனவரி மாதம் தமது தாய்மாமன் மகளாகிய எம்மாவை மணந்தார். 1842-ல் லண்டனை விட்டுக் கெண்ட் ஜில்லாவில் டவுன் என்னும் கிராமத்தில் குடியேறினார். எப்பொழுதும் நோய்வாய்ப்பட்டிருந்த அவர், ஆயுளின் எஞ்சிய நாற்பது வருஷங்களையும் அங்கேயே கழித்தார். பிறந்த குழந்தைகள் பத்து. அவற்றுள் மூன்று இளமையிலேயே மாண்டன. 1851-ல் பத்து வயது மகள் ஆனி இறந்த துக்கம் அவரை விட்டு நீங்கவேயில்லை. தம் கொள்கையை 1842-ல் சுருக்கமாகவும் 1844-ல் விரிவாகவும் எழுதி வைத்தவர், ஆதாரங்கள் போதா என்று கருதி அதை வெளியிடாமல் பூட்டி வைத்தார்.

1855-ல் அவருடைய தோட்டத்தில் புறாக்கூண்டு எழுந்தது. கிடைத்த ஜாதிகளையெல்லாம் வாங்கி வளர்த்தார். லண்டனில் புறாப் பிரியர்களின் இரண்டு சங்கங்களில் அங்கத்தினராகச் சேர்ந்து, மதுக்கடையில் கூடும் சாமானியர்களுடன் அமர்ந்து அவர்கள் பேச்சைக் கேட்டார். உலகின் பல பாகங்களிலிருந்தும் புறாத் தோல்களை வரவழைத்தார். இவ்விஷயத்தில் அவருக்குப் பேருதவி செய்தவருள் ஒருவர் நமது சென்னையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த வால்டர் எலியட். அமராவதிச் சிற்பங்களை அகழ்ந்தெடுத்தவர் இவரே. கல்கத்தாவில் இருந்த எட்வர்ட் பிளைத் மற்றொருவர். அக்பர் பாதுஷாவின் சபையுடன் 20,000 புறாக்களுக்குக் குறையாமல் செல்வது வழக்கம் என்பதையும், பல ஜாதிகளைக் கலந்து அப்புறாக்கள் அபிவிருத்தி செய்யப்பட்டன என்பதையும் டார்வின் தமது நூலில் எடுத்து எழுதினார்.

அவர் கண்டது என்ன? ஒரு ஜாதிப் புறா கண்டத்தைப் பந்துபோல் ஊதிக்கொள்ளும். மற்றொன்று ஆகாயத்தில் கர்ணம் போடும். புறாக்களுக்குச் சாதாரணமாக வாலில் 12 அல்லது 14 இறகுகளே உண்டு. விசிறிவால் புறாவுக்கோ 30 அல்லது 40 இறகுகள்கூட இருந்தன. இவற்றைக் காட்டில் கண்டெடுத்த பண்டிதர் எவரும் வெவ்வேறு இனங்களென்றே எழுதி வைத்திருப்பார். ஆயினும் இவையாவும் மாடப்புறா என்னும் ஒரே மூலத்திலிருந்து வந்தவை என்பதை டார்வின் நிலைநாட்டினார். தூய வெள்ளை விசிறிவால் புறாக்களைத் தூய கருநிறமுள்ள பார்ப் என்னும் ஜாதியுடன் சேர்த்தார். பிறந்த குஞ்சுகளை ஒன்றோடொன்று சேர்த்தார். வெள்ளைக்கும் கறுப்புக்கும் பேரனாகப் பிறந்த ஒரு புறா, அழகிய நீல நிறமும், சிறகில் இரண்டு கரும்பட்டைகளும், வெள்ளை இடுப்புமாக, அசல் மாடப்புறாவைப்போலவே வந்து நின்றது. பல தலைமுறைகளாக மனிதன் மறைத்து வைத்த மூதாதையின் முகம், பேரனிடத்தில் வெளிப்பட்டுவிட்டது!

கருதிப் பொறுக்குவதற்கும் இயற்கையின் செயலுக்கும் இடையே ஒரு பாலத்தையும் அவர் கண்டார். பேக்வெலின் ஆடுகளை பக்லி, பர்ஜெஸ் என்னும் இருவர் வேறு கலப்பின்றி ஐம்பது வருஷங்களுக்கு மேல் தனித்தனியே வளர்த்து வந்தனர். மாற்ற வேண்டும் என்ற எண்ணம் இருவருக்கும் கிடையாது. ஆயினும் இரு மந்தைகளும் வெவ்வேறு ஜாதிகள் போல ஆகிவிட்டன. அவரவர் கண்ணுக்கு நல்லது என்று பட்டதை வைத்துக்கொண்டதே காரணம். கருத்தில்லாமலும் பொறுக்குதல் நடக்கும் என்பதற்கு இது சாக்ஷி.

நிற்க. ஒற்றுமையை இவ்வளவு பாடுபட்டு நிரூபித்த டார்வின், வேற்றுமையை மறந்தவர் அல்லர். அவர் பெயரைச் சொல்லித் திரிந்தவர்கள் மறந்தது இந்த வேற்றுமையைத்தான்.

முதலாவது, வளர்ப்பாளனிடம் ஒரு நோக்கம் இருக்கிறது; இயற்கையிடம் இல்லை. 3 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள ஒரு சிறு நிலத்தைக் கொத்திச் சுத்தம் செய்து, அதில் முளைத்த களைச் செடிகளை டார்வின் ஒவ்வொன்றாக எண்ணி அடையாளமிட்டார். முளைத்த 357 செடிகளுள் 295 அழிந்தன. அழித்தவை பெரும்பாலும் நத்தைகளும் பூச்சிகளும். இந்தச் செடி வேண்டும், இது வேண்டாம் என்று நத்தை உத்தேசிக்கவில்லை. அது தன் பசியைத் தீர்த்துக்கொண்டது. பனி, வறட்சி, நோய், பருந்து ஆகியவற்றின் செயலும் இத்தகையதே.

இரண்டாவது, பலன் யாருக்கு என்பது. மனிதன் தன் நன்மையைக் கருதிப் பொறுக்குகிறான்; இயற்கையில் மிஞ்சி நிற்கும் குணமோ அந்தப் பிராணிக்கே உபயோகமானது. இதற்கு டார்வின் காட்டிய உதாரணம் உள்ளத்தைத் தொடுவது. கர்ணப்புறாக்களில் அலகு மிகவும் குட்டையான ஒரு ஜாதி உண்டு. அந்தக் குட்டை அலகுதான் போட்டிகளில் பரிசு வாங்கித் தருவது. ஆனால் முட்டையின் ஓட்டை உடைப்பதற்கு அலகு வேண்டுமல்லவா? அந்த ஜாதியில் உயர்ந்தவை என்று மதிக்கப்படுகிற புறாக்களில், வெளியே வருபவற்றைவிட முட்டைக்குள்ளேயே மடிபவை அதிகம். ஆதலால் வளர்ப்பவன் தன் கையால் ஓட்டை உடைத்துக் குஞ்சை வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. எஜமானனுக்குப் பரிசு, புறாவுக்கு முட்டையே சவக்குழி. இயற்கையில் இவ்வித அலகு ஒரு தலைமுறைகூடத் தாங்காது.

மூன்றாவது, மனிதன் வெளித்தோற்றத்தைக் காண்கிறான். நிறத்தையும் கொம்பையும் இறகையும் அளக்கிறான். மற்றக் குறைகளைத் தீனி கொடுத்தும் கூண்டு கட்டியும் மூடிவிடுகிறான். இயற்கையின் பரீக்ஷையில் எதையும் மூடிவைக்க முடியாது. எலும்பு, இரத்தம், குளிரைத் தாங்கும் சக்தி, பசியைப் பொறுக்கும் சக்தி எல்லாம் ஒருங்கே சோதிக்கப்படுகின்றன.

நான்காவது, வலிமையே வெல்லும் என்ற நியதி இயற்கையில் இல்லை. மதீரா தீவில் அக்காலத்தில் அறியப்பட்டிருந்த 550 வகை வண்டுகளில், 200 வகைகளுக்குப் பறக்கும் சக்தி கிடையாது. பறக்க வல்ல வண்டுகளைக் காற்று கடலில் தள்ளிவிடுவதும், பறவாதவை தரையில் ஒதுங்கிப் பிழைப்பதுமே இதற்கு முக்கிய காரணம் என்று டார்வின் கருதினார். சிறகு பலம்; அந்தத் தீவிலோ சிறகே மரணம். தகுதி என்பது இடத்தையும் காலத்தையும் பொறுத்தது. டார்வின் கண்ணால் காண முடியாத இந்த உண்மையைக் காலபாகோஸ் தீவுகளில் ஒன்றாகிய டாப்னி மேஜரில், பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதிகள் அளந்தே காட்டினார்கள். 1977-ல் பெரும் வறட்சியில் மெல்லிய விதைகள் தீர்ந்துபோகவே, கடின விதைகளை உடைக்கக்கூடிய பெரிய அலகுள்ள குருவிகள் மிகுதியும் பிழைத்தன. 1983-ல் பெருமழை பெய்து சிறு விதைகள் பெருகியபின், நிலைமை மாறிச் சிறு அலகுள்ளவை மேலோங்கின. எந்த வளர்ப்பாளனும் ஆறு வருஷம் ஒரு திக்கில் நடந்துவிட்டு அதன்பின் எதிர்த்திக்கில் நடக்கமாட்டான். இயற்கைக்கோ திக்கே கிடையாது.

1858-ம் வருஷம் ஜூன் மாதம் மலாய்த் தீவுகளிலிருந்து ஆல்பிரட் ரஸல் வாலஸ் அனுப்பிய கட்டுரை டார்வினின் கைக்கு வந்தது. இருபது வருஷங்களாகத் தாம் பூட்டி வைத்திருந்த கொள்கையையே வேறொருவர் சுயமாகக் கண்டிருப்பதைப் பார்த்து அவர் திகைத்தார். நண்பர்களின் ஏற்பாட்டின்படி இருவர் எழுத்துக்களும் ஜூலை 1-ந் தேதி லினியன் சங்கத்தில் வாசிக்கப்பட்டன. மூன்று நாட்களுக்கு முன் தம் கடைசிக் குழந்தையை விஷக்காய்ச்சலுக்குப் பறிகொடுத்திருந்த டார்வின் அக்கூட்டத்துக்குச் செல்லவில்லை. அடுத்த ஆண்டு, 1859-ம் வருஷம் நவம்பர் 24-ந் தேதி, இனங்களின் தோற்றம் பற்றிய நூல் வெளிவந்தது. அதன் முதல் அத்தியாயம் வீட்டு வளர்ப்பைப் பற்றியது. புறாக்களுக்கே அதில் முதல் மரியாதை.

இரு கண்டுபிடிப்பாளருக்கும் இடையே ஒரு பேதம் உண்டு. வாலஸின் கட்டுரை, வீட்டுப் பிராணிகளை ஆதாரமாகக் கொள்ளலாகாது என்றே வாதித்தது. மனிதன் பாதுகாப்பில் வளர்ந்தவை காட்டில் விடப்பட்டால் அழியும், அல்லது பழைய உருவத்துக்குத் திரும்பும் என்பது அவர் கருத்து. தேர்வு என்ற சொல்லே தேர்ந்தெடுக்கும் ஒருவனை மனத்தில் கற்பித்துவிடுகிறது. இதனால் ஜனங்கள் இயற்கையை ஒரு புத்தியுள்ள தேவதையாக எண்ணி மயங்குகிறார்கள் என்று 1866-ல் வாலஸ் டார்வினுக்கு எழுதினார். அந்தச் சொல்லுக்குப் பதிலாக, ஹெர்பர்ட் ஸ்பென்ஸர் 1864-ல் ஆண்ட தகுதியுள்ளது பிழைக்கும் என்ற தொடரைக் கைக்கொள்ளுமாறு யோசனை சொன்னார். டார்வின் 1869-ல் வெளியான ஐந்தாம் பதிப்பில் அதையும் சேர்த்துக்கொண்டார். ஐயோ, மருந்தே நோயாயிற்று! தகுதி என்னும் சொல்லைக் கேட்டவர்கள், அந்தந்த இடத்துக்குப் பொருந்தியது என்று பொருள் கொள்ளாமல், உயர்ந்தது என்றும் வலியது என்றும் பொருள் கொண்டார்கள். பிழைத்திருப்பவன் உயர்ந்தவன், ஆளுகிறவன் தகுதியுள்ளவன், ஆகவே ஆளப்படுகிறவன் தாழ்ந்தவன் என்று தர்க்கம் கிளம்பிற்று. மதீராவின் வண்டு அவர்கள் நினைவுக்கு வரவில்லை.

டார்வினிடத்தும் குறை இல்லாமல் இல்லை. உண்மையை மறைப்பது சரித்திரமாகாது. 1871-ல் வெளியிட்ட மனிதனின் வம்சாவளி பற்றிய நூலில், நாகரிக சமூகத்தில் பலவீனர்கள் பிழைத்துச் சந்ததி விடுவதை எடுத்துக்காட்டி, ஆடுமாடு வளர்ப்பவன் எவனும் அவ்வாறு விடமாட்டான் என்று ஒப்பிட்டார். நாகரிக ஜாதிகள் மற்ற ஜாதிகளை ஒருநாள் அழித்துவிடும் என்றும் எழுதினார். அடிமை முறையை வெறுத்தவருடைய பேனாவிலிருந்து இது வந்தது வருந்தத்தக்கது. ஆயினும் அதே இடத்திலேயே, பலவீனரைக் கைவிடுவதானால் நமது சுபாவத்தின் மிக உயர்ந்த பாகத்தையே கெடுத்துக்கொள்வோம் என்றும், அன்பு என்னும் அந்தக் குணமும் மனிதனிடம் வளர்ந்து வந்த செல்வமே என்றும் எழுதி, தாம் செய்த ஒப்புமையின் விளிம்பிலேயே அவர் நின்றுவிட்டார்.

அவருக்குப் பின் வந்தவர்கள் அந்த விளிம்பைத் தாண்டினார்கள். அவருடைய உறவினர் பிரான்ஸிஸ் கால்டன், நல்ல குலத்தோரைப் பெருக்கி மற்றவரைக் குறைக்கும் முறைக்கு 1883-ல் யூஜெனிக்ஸ் என்று பெயரிட்டு ஒரு சாஸ்திரமாக்கினார். அதற்காக இங்கிலாந்தில் ஏற்பட்ட சங்கத்துக்கு டார்வினின் மகனே 1911 முதல் 1928 வரையில் தலைவராயிருந்தார். அமெரிக்காவில் இண்டியானா ராஜ்யம் 1907-ல் கட்டாய மலடாக்கும் சட்டம் செய்தது. 1927-ல் அந்நாட்டின் மிக உயர்ந்த நியாயஸ்தலம், வர்ஜீனியா ராஜ்யத்தில் ஓர் இளம்பெண்ணை அவ்வாறு செய்வது நியாயமே என்று தீர்ப்பளித்தது. அம்மை குத்தும்படி கட்டாயப்படுத்தும் அதிகாரமே இதற்கும் போதும் என்பது அத்தீர்ப்பின் தர்க்கம். ஒருவர் உயிரைக் காப்பதற்கான ஊசியும், ஒருவர் வம்சத்தை அறுப்பதற்கான கத்தியும் ஒன்றென்று நீதிபதிகளே சொல்லிவிட்டால், எளியவர் எங்கே முறையிடுவது? 1933-ல் ஜெர்மனியில் ஹிட்லரின் அரசாங்கம் இதே வகைச் சட்டம் செய்து சுமார் 4 லட்சம் மக்களை மலடாக்கிற்று. 1939 முதல் நோயாளிகளைக் கொல்லவும் தொடங்கிற்று.

இவர்கள் எல்லோரும் இயற்கையின் பெயரால் பேசினார்கள். ஆனால் இவர்கள் செய்தது இயற்கைத் தேர்வா? இயற்கையில் பொறுக்குபவன் இல்லை என்பதே டார்வினுடைய கண்டுபிடிப்பு. பட்டியல் தயாரித்து, கையெழுத்திட்டு, இவன் வேண்டும், இவன் வேண்டாம் என்று பொறுக்குகிற அதிகாரி, புறாக்கூண்டின் வாயிலில் நிற்கும் வளர்ப்பாளனே அன்றி வேறு யார்? அவன் பொறுக்குவது தனக்கு வேண்டிய குணத்தை. பொறுக்கப்படுகிறவனுக்கு வேண்டியதை அன்று. ஒருவன் மற்றொருவனை ஆளுவதும் அழிப்பதும் அவர்களுடைய சொந்தத் தீர்மானம். அதற்கு அவர்களே பொறுப்பாளிகள். அந்தப் பொறுப்பைப் பனியின் மேலும் பருந்தின் மேலும் சுமத்தித் தப்பித்துக்கொள்ள நாம் இடங்கொடுத்தலாகாது. அன்றியும், உலகில் என்ன நடக்கிறது என்று சொல்லும் சாஸ்திரம், என்ன நடக்க வேண்டும் என்று சொல்லும் தர்மமாகிவிடாது.

டார்வின் தம் கடைசிக் காலத்தில் மண்புழுக்களை ஆராய்ந்து 1881-ல் ஒரு நூல் எழுதினார். எளிய அந்த ஜந்துக்கள் மண்ணைச் சிறிது சிறிதாக உட்கொண்டு கழித்து, நிலத்தின் மேல்மண்ணையே உண்டாக்குகின்றன என்று அளந்து காட்டினார். 1882-ம் வருஷம் ஏப்ரல் 19-ந் தேதி டவுன் கிராமத்தில் காலமானார்; அரசர்களும் அறிஞர்களும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

இனி எவரேனும் மேடையேறி, தகுதியுள்ளவரே ஆளப் பிறந்தவர் என்றும், தகுதியற்றவரைக் களைவது இயற்கையின் கட்டளை என்றும் டார்வின் பெயரால் முழங்கினால், நமது நேயர்கள் அவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும். இங்கே பொறுக்குகிறவர் யார்? பொறுக்குவது யாருடைய நன்மைக்காக? முதற் கேள்விக்கு ஒரு மனிதனுடைய பெயரோ ஒரு சபையின் பெயரோ விடையாக வருமானால், அது இயற்கைத் தேர்வு அன்று என்பது அங்கேயே தீர்ந்துவிடும். இரண்டாவது கேள்விக்கு விடையை, முட்டைக்குள் மடிந்த அந்தக் குட்டை அலகுப் புறாக்குஞ்சு முன்னமே சொல்லிவிட்டது.